புகையை வகுத்த இரண்டு மேசைகள்

நாடுகளின் காற்றுக்கும் நீருக்கும் மதிப்பெண் போடுவது என் வேலையாக இருந்தது. தீபாவளி முடிந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டே டெல்லி பஸ்ஸில் ஏறுகிற உங்களுக்கு அதன் வருத்தத்தை விளக்க வேண்டியதில்லை.

ஒரே புகை

லோதி ரோடு அலுவலகத்தில் நானும் வசந்தாவும் ஒரே நாளில் சேர்ந்து, ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். நாட்டின் மொத்தப் புகையை அவள் மக்கள்தொகையால் வகுப்பாள். நான் நிலப்பரப்பால் வகுப்பேன். அவள் பட்டியலில் இந்தியா சமர்த்துப் பிள்ளை, தலைக்கு இத்தனூண்டு புகைதான். என் பட்டியலில் கடைசி பெஞ்ச். புகையோ ஒன்றுதான், ஜன்னலுக்கு வெளியே இருவருக்கும் பொதுவாக நின்றது.

அவள் பட்டியலைப் பார்த்தால் இயக்குநர் எல்லோருக்கும் சமோசா வரவழைப்பார். என்னுடையதைப் பார்த்துவிட்டு ஒருநாள் இந்தியில் கெஞ்சினார்: “ஜானகிஜி, நீங்களும் தலையாலேயே வகுத்தால் என்ன?”

முதலிடம்

எப்போதும் பட்டியலின் உச்சியில் நிற்கும் ஒரு குளிர்நாட்டிலிருந்து அதிகாரி ஒருவர் வந்தார். அங்கே சதுர கிலோமீட்டருக்கு ஒரு கைப்பிடி ஆட்கள். மீதியெல்லாம் ஏரியும் மரமும். அவர் மூச்சு வாங்காமல் மூன்று மாடி ஏறியதே எனக்குப் பொறுக்கவில்லை.

“ஆள் குறைவு, காசு அதிகம். அதனால்தானே சுத்தம்?” என்று கேட்டேன். ஆமாம் என்றால் நிம்மதியாக இருந்திருக்கும். ஆலைகள் பெருகிய காலத்தில் அவர்கள் ஆறும் கறுப்பாகத்தான் ஓடியதாம். காசு சேர்ந்த பிறகும் தானாக வெளுக்கவில்லையாம். கிளம்பும்போது சொன்னார்: “ஆலைக்காரர்களோடு சண்டை போட்ட பிறகுதான், மேடம், மீன்கள் திரும்பி வந்தன.”

ஒரே ஒரு டிக்கெட்

அந்த வார்த்தையை வைத்துத்தான் ஒரு கட்டுரை எழுதினேன். மக்கள் நெருக்கத்தின் மேல் மட்டும் பழி போடக் கூடாது, வளர்ச்சியின் காசு எங்கே போகிறது என்றும் பார்க்க வேண்டும் என்று. அந்தக் குளிர்நாட்டிலேயே ஒரு மாநாடு வந்தது. ஒருவர் மட்டும் போகலாம். எனக்கு ஓய்வுக்கு நான்கு மாதம் இருந்தது. ஒரு வாரமாவது இன்ஹேலரைப் பையிலேயே போட்டுவைத்து மூச்சு விட வேண்டும். வேறு ஆசை இல்லை.

நல்ல பட்டியல்காரியான வசந்தாவைத்தான் அனுப்பினார்கள். என் கட்டுரையை அவள் பட்டியலுக்குப் பின்னிணைப்பாகச் சேர்த்துப் பின் அடித்தார்கள். கரோல் பாகில் வாங்கிய நீலக் கம்பளிக் கோட்டைப் போட்டுக் காட்டினாள். “நல்ல நிறம்” என்றேன். பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

திரும்பி வந்தவள் என் மேசையில் ஒரு சாக்லேட் பெட்டியை வைத்தாள். எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை. திருநெல்வேலிக்காரி, கேட்காமலே கொட்டினாள்: “ஏட்டி ஜானகி, காத்து நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா எம் பட்டியலை ஒருத்தனும் திரும்பிப் பாக்கல. எல்லாவனும் ஒங் கட்டுரையை எழுதுனது யாருன்னுதான் கேட்டான். முப்பது வருசமா ஒம்மேல இருந்த வயித்தெரிச்சல் அங்க போயில்லா முத்திப்போச்சு!”

எதையும் வகுத்தால் குறையும் என்று நம்பித்தான் காலம் தள்ளினேன்; பொறாமையை இரண்டு பேருக்கு வகுத்தபோது மட்டும் ஆளுக்கு முழுசாகவே கிடைத்தது.