சுண்டைக்காயில் மாட்டிய ரயில்

எங்கள் வீட்டுக் கொலுவில் அந்த வருஷம் மொத்தம் பதினோரு பொம்மைகள்தான். அம்மா கொலு வைக்க ஆரம்பித்தே இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பட்டாபிராமில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடியில் வீட்டுக்கு வீடு கொலு வைத்து, சுண்டலும் வெற்றிலை பாக்கும் கொடுத்து அனுப்பியதில் அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஐந்து படி கட்டியாயிற்று. பொம்மைக்கு எங்கே போவது? படிகளுக்கு முன்னால் காலியாகக் கிடந்த தரையை அடைத்துக்கொண்டு ஓடி மானத்தைக் காப்பாற்றியது என் ரயில்தான். அதனால் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ரயிலைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று ஒன்பது வயதில் நான் உறுதியாக நம்பினேன்.

ரயில் என்றால் சாவி கொடுத்து ஓடுகிற சமாச்சாரம் இல்லை. அப்பாவின் கம்பெனியில் மெஷின் பூட்டிக் கொடுக்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனது. உள்ளங்கை நீளத்துக்கு ஒரு பச்சை என்ஜின், மூன்று பெட்டிகள், வட்டமாகப் பூட்டத் தண்டவாளம், வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. என்ஜினின் மேல்மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு குட்டி மோட்டார். மோட்டார் முனையில் ஒரு கப்பி, சக்கர அச்சில் ஒரு கப்பி, இரண்டையும் சேர்த்து ஒரு ரப்பர் பெல்ட். மோட்டார் சுற்றினால் பெல்ட் இழுக்கும், சக்கரம் உருளும். அவ்வளவுதான் மர்மம்.

ஆனால் நம் ஊர் வெயிலுக்கு அந்த பெல்ட் ஆறு மாதம் தாங்காது. ஒன்று, இறுகிப்போய் வெடிக்கும். இல்லாவிட்டால் தொளதொளத்துப்போய் மோட்டார் மட்டும் கத்திக்கொண்டிருக்கும், வண்டி நகராது. அதற்கு வைத்தியம் பார்த்தது அப்பாவின் தங்கையான என் அத்தை. அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்புக்கும் குழாய்க்கும் ரப்பர் வளையம் செய்யும் கம்பெனி ஒன்றில் செக்கிங் பிரிவில் இருந்தாள். அளவு தப்பிக் கழித்த வளையங்களில் என்ஜினுக்குப் பொருந்துகிறவற்றை சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருந்தாள். செத்த பெல்ட்டை ட்வீசரால் எடுப்பாள், கப்பியின் பள்ளத்தை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைப்பாள், புதிய வளையத்தை இழுத்துப் பார்த்து மாட்டுவாள். மூன்றே நிமிஷம். எங்கள் அத்தை கண்ணை மூடிக்கொண்டே மாட்டுவாள் என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டிருக்கிறேன். அது பொய், ஆனால் பெரிய பொய் இல்லை.

அந்த அத்தையை ஆயுத பூஜை அன்று சாயங்காலம் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. என்னிடம் மட்டும் கொலு பார்க்க வருகிறார்கள் என்று சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளைக்குத் திருநின்றவூர். முதலில் அவரும் அவருடைய அம்மாவும் மட்டும் வந்து பார்ப்பது, பிடித்திருந்தால் மேற்கொண்டு பேசுவது என்று முடிவாகியிருந்தது. அத்தைக்கு அதற்கு முன் இரண்டு இடம் வந்து தட்டிப்போயிருந்தது. ஷிப்டுக்குப் போகிற பெண் வேண்டாம் என்றார்கள் ஒரு வீட்டார். இன்னொரு வீட்டார் மரியாதைக்கு ஏதோ வேலையைப் பற்றி விசாரிக்கப்போக, அத்தை அரை மணி நேரம் ரப்பரைப் பற்றியே பேசியதில் மிரண்டு போனவர்கள் திரும்பவே இல்லை.

"இதுவும் கூடலன்னா இனிமே யாரையும் இட்டுகினு வராதண்ணா. நான் பாட்டுக்கு இப்டியே இருந்துட்டுப் போறேன்" என்று அத்தை அப்பாவிடம் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். அப்பாவுக்கு அன்று காலையிலிருந்தே கை கால் ஓடவில்லை. அம்மாவோ அத்தைக்குத் தலை வாரிவிடும்போதே சட்டதிட்டங்களைச் சொல்லிவிட்டாள். கேட்டதற்கு மட்டும் பதில். வேலையைப் பற்றி மூச்சு விடக் கூடாது. அத்தை எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவள் அவ்வளவு சாதுவாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

காலையிலேயே பூஜை முடிந்துவிட்டது. அரிவாள்மணை, அப்பாவின் ஸ்பானர்கள், என் பாடப் புத்தகங்கள், அத்தையின் ட்வீசர், ஸ்க்ரூடிரைவர், வளைய டப்பா எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு கொலுவின் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தன. மறுநாள் காலையில் மறுபூஜை செய்து எடுக்கும்வரை யாரும் எதையும் தொடக் கூடாது. பாடப் புத்தகத்தைத் தொடக் கூடாது என்று இப்படி ஒரு நாளை ஏற்படுத்தியவர் யாரோ, அந்தப் புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்.

கீழே வண்டி நிறுத்துமிடத்தில் எல்லா வண்டிகளுக்கும் மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கியதை நான் பார்த்திருந்தேன். அப்பாவின் பைக்குக்கு நடந்த மரியாதை என் என்ஜினுக்கு நடக்கவில்லையே என்று எனக்கு மனது ஆறவில்லை. நானே நெற்றியில் சந்தனம் வைத்தேன், பூ நறுக்கிச் சூட்டினேன். எலுமிச்சம்பழம்தான் பிரச்சினை, அது என்ஜினைவிடப் பெரியதாக இருந்தது. அடுப்படியில் வற்றல் போடுவதற்காக அம்மா பச்சைச் சுண்டைக்காய் வாங்கி வைத்திருந்தாள். அதில் இரண்டை எடுத்துப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டேன். நல்ல கூட்டம் வரும்போது நசுக்கிக் காட்டலாம் என்று திட்டம்.

சாயங்காலம் அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை ஒல்லியாக, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அவருடைய அம்மா நல்ல வாட்டசாட்டம். வந்ததும் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அத்தை பட்டுப்புடவையில் சுண்டல் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதற்கப்புறம் யாருக்கும் பேச்சு வரவில்லை. அப்பா தவித்துப்போய், "பாப்பா, ரயில் ஓட்டிக் காட்டும்மா" என்றார்.

இதற்காகத்தானே காத்திருந்தேன். முன் சக்கரங்களுக்கு முன்னால் தண்டவாளத்துக்கு ஒன்றாகச் சுண்டைக்காயை வைத்தேன். திருகைத் திருப்பினேன். என்ஜின் போய் முட்டியது, நின்றது. முழுவேகம் வைத்தேன். அப்போதும் ஏறவில்லை. சரி, கொஞ்சம் உதவி செய்வோம் என்று என்ஜினைப் பின்னாலிருந்து தள்ளி, மேலிருந்தும் பலமாக அமுக்கினேன். சக்கரம் சுண்டைக்காயில் மாட்டிக்கொண்டது. உள்ளே மோட்டார் கிறீச்சிட்டது, ரப்பர் தீய்ந்த வாடை வந்தது, 'டப்' என்று ஒரு சத்தம். பெல்ட் போய்விட்டது. சுண்டைக்காய்க்கு ஒரு கீறல்கூட இல்லை.

நான் வாய்விட்டு அழுதேன். நாலு பேர் பார்க்க என் ரயில் நின்றுபோய்விட்டதே, அதைவிட வேறு என்ன அவமானம் வேண்டும்? அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. நல்ல காரியத்துக்கு வந்தவர்கள் முன்னால் வண்டி நின்றது அவளுக்கு நல்ல சகுனமாகப் படவில்லை. அதுவரை நாற்காலி நுனியில் இருந்த அவர் இறங்கி வந்து என் பக்கத்தில் மண்டியிட்டார். மூடியைக் கழற்றி உள்ளே பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பெல்ட்டா! நாள் பூரா நான் மாரடிக்கிறதே இதோடதான்" என்றார்.

அவருக்கு ரயில் பெட்டிகளைப் பராமரிக்கும் யார்டில் வேலையாம். பெட்டிக்கு அடியில் சக்கர அச்சிலிருந்து பெல்ட் போட்டுத்தான் விளக்குக்கும் விசிறிக்கும் மின்சாரம் எடுப்பார்களாம். பெல்ட் அறுந்தால் பெட்டி இருட்டாகிவிடும். என் பின்னலில் இருந்த ரப்பர் பேண்டை உருவி மாட்டிப் பார்த்தார். வழுக்கியது. இரண்டு சுற்றாகச் சுற்றினார். மோட்டார் முனகியது, சுற்றவில்லை. அத்தை தலையைக் குனிந்தபடி புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் மூன்றாவது சுற்றுக்குப் போனபோது அவளால் தாங்க முடியவில்லை.

"அவ்ளோ டைட்டா போட்டா மோட்டார் எரிஞ்சிடுங்க" என்றாள்.

அம்மா முழங்கையால் இடித்தாள். அத்தை அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. எழுந்தாள், கொலுவின் கீழ்ப்படிக்குப் போனாள், டப்பாவை நோக்கிக் கை நீட்டினாள். "ஐயையோ, பூஜையில வெச்சது!" என்று அம்மா பதறினாள். அத்தையின் கை அப்படியே நின்றது. அப்பா எழுந்து நின்றுவிட்டார். இந்த இடமும் போயிற்று என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது.

மாப்பிள்ளையின் அம்மாதான் வாயைத் திறந்தார். "எட்த்துக்கோ கண்ணு. வேல செய்யறவளப் பாத்து சாமி இன்னா கோச்சுக்கவா போவுது? கொயந்த வேற அயுதுகினு கீது."

அத்தை ட்வீசரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எடுத்தாள். பட்டுப்புடவையை இடுப்பில் சொருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தார். கப்பியைத் துடைத்து, வளையத்தைத் தேர்ந்து, இழுத்துப் பார்த்து மாட்டினாள். நான் திருகைத் திருப்பினேன். ரயில் ஜம்மென்று கிளம்பி ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் அழுகையை முடிக்க மறந்து, சிரித்துக்கொண்டே விக்கினேன்.

அப்புறம்தான் விஷயம் விபரீதமாகப் போயிற்று. "லேசா வழுக்குற மாதிரி இல்ல?" என்றார் அவர். எனக்கு அப்படித் தெரியவில்லை. "ஆமாங்க, அடுத்த சைஸ் போட்டுப் பாக்கலாம்" என்றாள் அத்தை. கழற்றினார்கள், மாட்டினார்கள். ரயில் ஓடியது. இப்போது அத்தைக்கு ஏதோ சத்தம் கேட்டது. திரும்பக் கழற்றினார்கள். இதில் பெல்ட் சக்கரத்தை இழுக்கிறது, தன் வண்டியில் சக்கரம் பெல்ட்டை இழுக்கும், எல்லாமே தலைகீழ் என்று அவர் சொல்ல, அத்தை கேள்வி மேல் கேள்வி கேட்டாள். அவருடைய வண்டி பெல்ட்டுக்கு எந்த ரப்பர், வெயிலில் எவ்வளவு நீளும் என்று பேச்சு எங்கெங்கோ போயிற்று. அம்மா வைத்த காபி ஆறி ஆடை படிந்தது. பெரியவர்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். இப்போது பேச்சு வராததைப் பற்றி யாருக்கும் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

ஐந்தாவது தடவை அத்தை மூடியைக் கழற்றியபோது என் பொறுமை போய்விட்டது. திருகை என் கையில் கொடுத்தே வெகுநேரமாகியிருந்தது.

"அது மொதல் தடவையே சரியாயிடுச்சு அத்தை! நல்லா ஓடற வண்டிய எதுக்குத் திரும்பத் திரும்பக் கழட்டறீங்க?" என்று வீடே அதிரக் கத்தினேன்.

அவருக்குப் புரையேறியது. அத்தை என்ஜினைக் கீழே வைத்துவிட்டு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொலுவைப் பார்த்தாள். அவருடைய அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அம்மா என் தொடையில் கிள்ளிவிட்டு, கிள்ளிய கையாலேயே என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். நான் கேட்டதில் என்ன தப்பு என்று யாரும் சொல்லவில்லை. பெல்ட்டைப் பற்றி அவ்வளவு தெரிந்த இரண்டு பேருக்கு, வண்டி எப்போதோ சரியாகிவிட்டது என்பது மட்டும் எப்படித் தெரியாமல் போயிற்று என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு விளங்கவே இல்லை.