மார்பு கிளினிக்கில் இரண்டு மொழிகளுக்கு நடுவே

மார்பு கிளினிக்கில் தாதியாக இருப்பவளுக்குக் கையைவிட வாய்க்குத்தான் வேலை அதிகம். எங்கள் மலையில் டொக்டர்மார் பெரும்பாலும் சிங்களத்தில் பேசுவார்கள். நோயாளிகள் தமிழில் இருமுவார்கள். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து, சிங்களம் படித்து, வெள்ளை உடுப்புப் போட்ட நான் இருவருக்கும் நடுவில் நிற்பேன். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை வீட்டிலோ கந்தோரிலோ உங்கள் தலையில் எப்போதாவது விழுந்திருந்தால், என் பாடு உங்களுக்குப் புரியும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்தப் பத்து வருடங்களின் கடைசிப் பகுதியில் நடந்தவை இவை. அந்த நாட்களை நினைத்தால் முதலில் வருவது பனிமூட்டம்தான். யன்னல் வழியாக உள்ளே வந்து, மர வாங்கில் உட்கார்ந்திருப்பவர்களோடு சேர்ந்து அதுவும் முறைக்காகக் காத்திருப்பதுபோல நிற்கும்.

ஒரே வாங்கில் இருவர்

செபமாலை அக்கா றொசல்லப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர். ஐம்பதை எட்டாத வயது. சிகரெட், பீடி எதையும் வாயில் வைத்ததில்லை. மாதக் கணக்காக இருமல், பிறகு மூச்சுத் திணறல். எக்ஸ்ரேயை வெளிச்சப் பெட்டியில் மாட்டியபோது வலது பக்க நுரையீரலின் அடிவாரம் முழுக்க வெள்ளையாக இருந்தது, விடிகாலையில் பள்ளத்தாக்கில் மேகம் இறங்கிக் கிடப்பதுபோல. அது நீர். நோய் அதற்குள் நெஞ்சைத் தாண்டியும் பரவியிருந்தது.

அதே மாதத்தில் அதே நோயோடு, அதே நிலையில் வந்தவர் கணேசலிங்கம் மாஸ்டர். யாழ்ப்பாணத்திலிருந்து படிப்பிக்க வந்து, வட்டகொடையிலேயே தங்கி ஓய்வு பெற்றவர். சிகரெட்டை விட்டுப் பல வருடமாகியிருந்தது. இருவரும் அந்த நீள வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள். செபமாலை அக்காவின் கணவர் சூசை அண்ணன் மட்டும் உட்காரவே மாட்டார். ஒரு தடவை என்னை வாசலில் நிறுத்தி, பெண்சாதிக்குக் கேட்காமல் சொன்னார்: “பீடி குடிச்சதெல்லாம் நானு. நோவு மட்டும் எப்புடி மிஸ்ஸி அவளுக்கு மாறிப் போச்சி?”

கடல் கடந்த சதை

எங்கள் டொக்டர் இளம் பெண். மெல்லிய குரல். நுரையீரல் புற்றுநோய் என்று ஒரே பெயர் சொன்னாலும் உள்ளே அது பல விதம், சிலருடைய நோயில் ஒரு மரபணு மாறியிருக்கும், அப்படி மாறியிருந்தால் மட்டும் வேலை செய்கிற ஒரு மாத்திரை இப்போது வந்திருக்கிறது என்றார். அதைப் பார்க்கிற வசதி அன்று எங்கள் பக்கம் இல்லை. கண்டியில் கிள்ளி எடுத்த சதைத் துணுக்கை மெழுகில் பதித்து இந்தியாவுக்கு அனுப்ப வேண்டும். இருவருடையதும் போவதாக முடிவானது.

இதைத் தமிழில் சொல்லி முடித்தேன். செபமாலை அக்கா பயப்படுவார் என்று நினைத்தேன். அவர் யன்னலைப் பார்த்துக்கொண்டு, தன் பாட்டன் அந்தக் கரையிலிருந்து வந்த கதையைக் கொஞ்சம் சொன்னார். குடும்பத்தில் ஒருவர்கூடத் திரும்பிப் போய்ப் பார்த்ததில்லையாம். பிறகு சிரித்தார். “நான் போவாத ஊருக்கு ஏஞ் சதை மட்டும் போயிட்டு வரப் போகுதுங்க.”

மரபணு மாற்றத்துக்குத் தமிழ்

சில வாரங்களில் முடிவு வந்தது. செபமாலை அக்காவின் நோயில் அந்த மாற்றம் இருந்தது. டொக்டரின் முகம் மலர்ந்ததைப் பார்த்துவிட்டு நான் விளக்க ஆரம்பித்தேன். உடம்பில் ஒவ்வொரு உயிரணுவுக்கும் வளரச் சொல்லி ஓர் உத்தரவு வரும், அளவோடு வந்து நின்றுவிடும். இந்த மாற்றம் இருந்தால் அது நிற்காது என்றேன். சூசை அண்ணனுக்கு அது பிடிபடவில்லை. எனக்கு நான் பிறந்த லயம்தான் கைகொடுத்தது. காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஆள் கூப்பிடத் தப்பு மேளம் அடிப்பார்களே, அதை நிறுத்தாமல் நாள் முழுக்க அடித்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும், ஆட்கள் வந்து குவிந்துகொண்டே இருப்பார்கள் அல்லவா என்று கேட்டேன்.

என்ன சொன்னாய் என்று டொக்டர் கேட்டார். தப்பு என்பதைச் சிங்களத்தில் சொல்ல நான் திண்டாடிக்கொண்டிருந்தபோது, செபமாலை அக்கா முந்திக்கொண்டு கேட்டார்: “அப்ப இந்த மாத்திரை உள்ள போயி, அடிக்கிறவன் கைய புடிச்சுக்குமா மிஸ்ஸி?”

ஒன்றும் இல்லை என்ற முடிவு

மாஸ்டரின் முடிவும் அதே நாளில்தான் வந்தது. அவருடைய நோயில் அந்த மாற்றம் இல்லை. ஆகவே அந்த மாத்திரையால் அவருக்குப் பலன் இராது. கண்டிக்குப் போய் மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும். மற்ற எல்லாச் சோதனையிலும் ‘இல்லை’ என்றால் சந்தோஷமாகச் சொல்லிப் பழகிய வாய் எனக்கு. அன்றைக்கு அதே சொல்லைக் கெட்ட செய்தியாகச் சொல்ல வேண்டியிருந்தது.

மாஸ்டருக்குச் சிங்களமும் தெரியும், ஆங்கிலமும் தெரியும். நான் தேவையே இல்லை. ஆனாலும் நான் தமிழில் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். மருந்து ஏற்றியதில் சில நல்ல மாதங்கள் கிடைத்தன. தலைமுடி போன பிறகு கம்பளித் தொப்பியோடு வந்து அதே வாங்கில் இருந்தார். அடுத்த மழைக்காலத்தில் வட்டகொடையிலேயே காலமானார். கிளினிக் வாசலில் யாராவது தொப்பியைக் கழற்றி நீரை உதறினால் நான் இன்னமும் நிமிர்ந்து பார்க்கிறேன். முடிவு வந்த அன்று அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னது இதுதான்: “பாத்தியே பிள்ளை, சோதினையில ஒண்டும் இல்லையெண்டு வந்ததுக்குக் கவலைப்பட வேண்டிக் கிடக்கு.”

அம்மை அல்ல

டொக்டர் எங்கெங்கோ எழுதிப்போட்டு, ஓர் உதவித் திட்டத்தில் செபமாலை அக்காவுக்கு மாத்திரை கிடைக்கச் செய்தார். கொஞ்ச நாளில் அக்காவின் முகமெல்லாம் பரு வெடித்துச் சிவந்தது. லயத்தில் அம்மை என்று வேப்பிலை கட்டிவிட்டார்களாம். கோயிலுக்கு அல்ல, மாதா கோயிலுக்குப் போகிற வீடு என்றாலும் வேப்பிலைக்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு வந்தார்.

டொக்டர் தலைப்பை விலக்கிப் பார்த்தார். மாத்திரையால் வருவது இது, களிம்பு தருகிறேன், பலருக்கு இது வந்தால் மருந்து உள்ளே வேலை செய்கிறது என்று அர்த்தம் என்றார். பிறகு எக்ஸ்ரே எடுத்தோம். அடிவாரத்து மேகம் பாதிக்கு மேல் கலைந்திருந்தது. டொக்டர், அக்கா, சூசை அண்ணன் மூன்று பேருடைய தோள்களுக்கும் பின்னால் நான் நின்று, அந்தக் கறுப்பு வெளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எக்ஸ்ரேயில் காற்றுக்குக் கறுப்பு நிறம். செபமாலை அக்கா களிம்பை வாங்கிக்கொண்டு சொன்னார்: “நெஞ்சு நல்லாவுதுன்னா மூஞ்சி எப்புடிப் போனா என்னாங்க.”

சூசை அண்ணனின் கேள்வி

சூசை அண்ணன் பீடியை விட்டிருந்தார். ஆனால் கேள்வியை விடவில்லை. ஒருநாள் தைரியம் பண்ணி, டொக்டரிடமே கேட்கும்படி என்னிடம் சொன்னார்: தன் புகைதான் அவளுக்குள் போனதா?

டொக்டர் அவர் பக்கம் திரும்பினார். இந்த மாற்றம் புகைக்காதவர்களிடம்தான் அதிகமாகக் காண்கிறோம், ஏன் வருகிறது என்று யாருக்கும் முழுதாகத் தெரியாது, பக்கத்தில் இருப்பவரின் புகையும் கெடுதிதான், ஆனால் அக்காவுக்கு இதனால்தான் வந்தது என்று ஒருவராலும் சொல்ல முடியாது என்றார். ஒரு சொல்லையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். சூசை அண்ணன் முதல் தடவையாக அந்த வாங்கில் உட்கார்ந்தார். “தெரியாதுன்னு டொக்டரே சொன்னா, நான் அதோட இருந்துக்கிறேன் மிஸ்ஸி.”

பட்டிப்பொல

மூச்சு வந்ததும் அக்காவுக்கு ஓர் ஆசை வந்தது. ரயிலைத் தினமும் மலையில் நின்று பார்த்திருக்கிறார். வேலை எதுவும் இல்லாமல் சும்மா அதில் போய் வந்ததில்லை. நாட்டிலேயே உயரமான ஸ்டேஷன் பட்டிப்பொல, அதுவரை போகலாமா என்று கேட்டார். அவ்வளவு உயரம் வேண்டாமே என்று டொக்டர் தயங்கி, கடைசியில் மெதுவாக நடக்கச் சொல்லிச் சம்மதித்தார்.

புருஷனும் பெண்சாதியும் போய் வந்தார்கள். மேகம் ஸ்டேஷனுக்குள்ளேயே நடந்து போனதாம். இறங்கிய வெள்ளைக்காரர்கள் மூட்டையோடு இளைத்துக்கொண்டு நின்றார்களாம். டொக்டர் கவலையோடு மூச்சைப் பற்றி விசாரித்தபோது, அக்கா சின்னப் பிள்ளை போலச் சொன்னார்: “அங்க எல்லாருக்குந்தாங்க மூச்சு வாங்குது.”

வாய் திறக்காத நாள்

ஒரு வருடத்துக்கு மேல் அப்படிப் போனது. பிறகு நோய் வழி மாற்றிக்கொண்டது. மாத்திரையை ஏமாற்றுகிற இன்னொரு மாற்றம் அதற்குள் வந்திருக்க வேண்டும் என்றார் டொக்டர். அன்றைக்கு அதற்கு வேறு மாத்திரை இருக்கவில்லை. மூச்சு லேசாக இருக்கவும் வலி தெரியாமல் இருக்கவும் செய்யலாம், அவ்வளவுதான். செபமாலை அக்கா அடுத்த ஈஸ்டருக்கு முன்னால் தன் வீட்டிலேயே, சூசை அண்ணன் பக்கத்தில் இருக்கும்போது இறந்தார்.

எனக்கு மறக்காதது, மாத்திரை இனி உதவாது என்ற செய்தி சொன்ன காலைதான். டொக்டர் சிங்களத்தில் சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். எப்படித் தொடங்குவது என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். செபமாலை அக்கா டொக்டரை நேராகப் பார்த்து, “மட்ட தேருணா, டொக்டர்” என்றார். எனக்குப் புரிந்தது என்று, சுத்தமான சிங்களத்தில். தோட்டத்துக்குக் கீழே சிங்களக் கிராமம். அவர்களோடு மரக்கறி கொடுத்து வாங்கிப் பேசிப் பழகிய பாஷை அது. அப்படியென்றால் இத்தனை காலமும் நல்லது கெட்டது எல்லாவற்றையும் அவர் இரண்டு தடவை கேட்டிருக்கிறார், எனக்காக. என் கையைத் தொட்டுச் சொன்னார்: “நீங்க சொல்ல வேணாம் மிஸ்ஸி. ஒங்களுக்குக் கஷ்டமா இருக்கும்.”

அந்தக் கிளினிக்கில் நான் செய்த மொழிபெயர்ப்புகளில் பிழையே இல்லாதது, நான் வாயைத் திறக்காத அந்த ஒன்றுதான்.