அரைக் கிலோ பொடியும் சால்ட் லேக் டீ வகுப்பும்

கொல்கத்தாவுக்குச் சுற்றிப் பார்க்கப் போனேன் என்று எழுதினால் அது பொய். அண்ணனை வேவு பார்க்கத்தான் ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் போனேன். அங்கே மூலிகை டீ வகுப்புக்குப் போகலாமா என்று யோசிப்பவர்கள் இதைக் கடைசிவரை படித்துவிட்டு முடிவெடுங்கள்.

அண்ணனுக்கு அறுபத்து மூன்று வயது. ரயில்வேயில் ஓய்வு பெற்று கொல்கத்தா பாலிகஞ்சிலேயே தங்கிவிட்டார். அண்ணி பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள பெங்களூரில் மகன் வீட்டில் இருக்கிறார். துர்கா பூஜைக்குச் சற்று முன்பு அந்த மகன் திருச்சிக்கு எனக்கு போன் செய்தான்.

"அத்தை, அப்பாவுக்கு பிபி நூத்தி எழுபத்தெட்டுக்கு நூத்தி நாலாம். டாக்டர்ட்ட போயிட்டு வந்திருக்காரு. ஏதோ டீ குடிக்கிற கிளாஸ் வேற போறாராம். கண்ண மூடிக்கிட்டு சொட்டு சொட்டா குடிக்கணுமாம்."

இரண்டுக்கும் அந்த நிமிடமே முடிச்சுப் போட்டுவிட்டேன். மாத்திரை போட்டும் பிபி ஏறுகிறதென்றால் வேறென்ன காரணம்? அந்த டீதான். அண்ணனைக் கேட்டால், "இப்ப நல்லாருக்கேன் பாப்பா, நீ அலையாத" என்றார். எனக்கு ஐம்பத்து நாலு வயதாகிறது, அவருக்கு இன்னும் பாப்பாதான். அலையாதே என்று ஒருவர் சொன்னால் நான் கட்டாயம் அலைவேன்.

பூஜைக் கூட்டத்தில் டிக்கெட் கிடைக்கவில்லை. நவம்பர் கடைசி வாரம்தான் கிடைத்தது. சென்னையிலிருந்து காலை ஏழு மணி வண்டி, மூன்றாம் ஏசி, ரூ. 1,950. விமானத்தில் போயிருக்கலாமே என்பீர்கள். என் பையில் அரைக் கிலோ பழுப்புப் பொடி இருந்தது. ஆடி மாதம் அண்ணனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டதிலிருந்து நான் கூரியரில் அனுப்பிவரும் பொடி அது. முக்கால்வாசி அதிமதுரம், கொஞ்சம் சுக்கு, மிளகு. இரண்டு நாள் வெயிலில் காயவைத்து நானே இடிப்பேன். எனக்கும் அதுதான், காலையும் மாலையும் வெந்நீரில். விமான நிலையத்தில் அதைப் பிரித்துக் காட்டி யாருக்கு விளக்கம் சொல்வது?

மறுநாள் பதினொன்றே முக்காலுக்கு ஷாலிமார் ஸ்டேஷனில் இறங்கினேன். நாற்பது நிமிடம் தாமதம். மஞ்சள் டாக்சிக்காரர் ஐந்நூறு கேட்டார், முந்நூற்று ஐம்பதுக்கு இறங்கினார். அவ்வளவு சீக்கிரம் இறங்கியதே எனக்கு உறுத்தியது. போனில் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஆற்றுப் பாலம் முழுக்க அவரையும் அதையும் மாறி மாறிப் பார்த்தேன். கண்ணாடியில் கவனித்துவிட்டு இந்தியில் சொன்னார்: "தீதி, அந்த மேப் போன வருஷம்தான் வந்தது. நான் முப்பது வருஷமா ஓட்டுறேன்." பன்னிரண்டு கிலோமீட்டர், நாற்பது நிமிடம். ஒழுங்காகத்தான் கொண்டுவந்து விட்டார்.

அண்ணன் குளிக்கப் போனதும் மாத்திரை அட்டைகளை எண்ணினேன். கணக்கு சரியாக இருந்தது. சத்தியமாக எனக்கு ஏமாற்றம்தான். சமையலறையில் என் பொடி டப்பாவை மட்டும் காணவில்லை. கேட்டதற்கு, "உள்ள இருக்கும்மா" என்றார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் "பொடி குடிக்கிறீங்களாண்ணே?" என்று கேட்பேன், "குடிக்கிறேம்மா" என்பார். அதனால் மேலே கேட்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை, வகுப்பு. பாலிகஞ்சிலிருந்து சால்ட் லேக் பதினொரு கிலோமீட்டர், வாடகைக் கார் ரூ. 260, ஐம்பது நிமிடம். ஒரு வீட்டின் முதல் மாடி. ஒரு அமர்வுக்கு ரூ. 350, மாலை நான்கிலிருந்து ஐந்தேகால் வரை. வந்திருந்த எட்டுப் பேரில் ஐந்து பேர் ஐடி கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாத பிள்ளைகள். நடத்துபவருக்கு நாற்பது வயது இருக்கும். எல்லோரும் தீதி, அதாவது அக்கா, என்கிறார்கள். முதலில் ஒரு படிவம் கொடுத்தார். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், வீட்டில் வேறு என்ன குடிக்கிறீர்கள், அதை யார் சொல்லிக் குடிக்கிறீர்கள். என் வீட்டுச் சங்கதி இவர்களுக்கு எதற்கு? 'காபி' என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

போனைக் கூடையில் போட வேண்டும். கையில் மண் குவளை. துளசியும் எலுமிச்சைப் புல்லும் போட்ட வெந்நீர். முதலில் இரண்டு கையாலும் பிடித்துச் சூட்டை உணர வேண்டுமாம், பிறகு வாசனை, பிறகு ஒரு வாய், அதை விழுங்காமல் கொஞ்ச நேரம். எல்லோரும் கண்ணை மூடினார்கள், நான் அரைக் கண்ணால் தீதியைக் கண்காணித்தேன். அந்தக் கவனத்தில் பழக்க தோஷம், குவளையை அண்ணாந்து தூக்கி வாயில் ஊற்றிவிட்டேன். நாக்கு வெந்துபோனது. நான் போட்ட சத்தத்தில் எட்டுப் பேரின் அமைதியும் கலைந்தது. சூடு கண்ட பூனையாக அதற்குப் பிறகு உதட்டில் வைத்துத்தான் உறிஞ்சினேன். ஒத்துக்கொள்கிறேன், கடைசிப் பத்து நிமிடம் நன்றாக இருந்தது. தோள்பட்டை தானாகத் தளர்ந்தது. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

எல்லோரும் போனதும் தீதியைப் பிடித்துக்கொண்டேன். "என் அண்ணனுக்கு பிபி நூற்று எழுபத்தெட்டு. இதில் என்ன கலக்குகிறீர்கள்?" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். அண்ணன் அவசரமாக, "பாப்பா, வேணாம், வா போலாம்" என்றார். பார்த்தீர்களா, மடியில் கனம் என்று நினைத்துக்கொண்டேன்.

தீதி கோபப்படவில்லை. அலமாரியைத் திறந்து ஒவ்வொரு ஜாடியாக முகரக் கொடுத்தார். துளசி, இஞ்சி, சோம்பு, எலுமிச்சைப் புல். கடைசியில் மேல்தட்டில் தனியாக இருந்த ஒரு ஜாடியை எடுத்தார். "இது பிபி இருக்கிறவர்களுக்குக் கிடையாது. உங்கள் அண்ணன் மூன்றாவது வாரம் வீட்டில் குடிக்கிற பொடியைக் கொண்டுவந்தார். இதே வாசனை. டாக்டரிடம் காட்டச் சொல்லி அனுப்பினேன். அன்றைக்குத்தான் நூற்று எழுபத்தெட்டு. இந்த வேர் சிலருக்கு பிபியை ஏற்றும் என்று டாக்டரும் நிறுத்தச் சொல்லிவிட்டார்."

முகர்ந்தேன். என் வீட்டு உரல் வாசனை. எங்கே இருந்தாலும் எனக்குத் தெரியும்.

தீதி அண்ணனின் படிவத்தை எடுத்துக் காட்டினார். மாத்திரையின் பெயர் இருந்தது. அதிமதுரப் பொடி, தினம் இரண்டு வேளை என்று இருந்தது. 'யார் சொன்னது' என்ற இடம் காலி. "யார் கொடுத்தார்கள் என்று எத்தனையோ தடவை கேட்டேன். அவர்களுக்கும் ஆபத்தாயிற்றே, எச்சரிக்கலாம் என்று. தெரிந்தவர் என்பார், பெயர் சொல்லவே மாட்டார்" என்றார். அண்ணன் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டிருந்தார்.

காரில் பாதி வழியில், "ஏண்ணே எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"எப்படிம்மா சொல்றது? வெயில்ல நின்னு காயவெச்சு இடிச்சு அனுப்புற. போன்ல கேக்குறப்ப ஒரு சந்தோஷம் வருது ஒன் குரல்ல. வர்றப்ப நேர்ல சொல்லிக்கலாம்னு இருந்தேன். நீ வந்ததும் பையிலேர்ந்து அரைக் கிலோவ எடுத்து வெக்கிற."

"நான் ஒங்களக் கொன்னுருப்பேண்ணே." அழுகை வந்துவிட்டது.

"அதான் கொல்லலையே. நூத்தி முப்பத்திரெண்டுக்கு எறங்கிருச்சு. நீ குடிக்கிறியா அத, இன்னும்?"

குடிக்கிறேன். ஆடியிலிருந்து. ஐப்பசியிலிருந்து தலை பாரமாக இருக்கிறது, கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போனதும் அண்ணன் தன் பிபி கருவியை என் கையில் சுற்றினார். நூற்று ஐம்பத்தாறுக்குத் தொண்ணூற்றெட்டு. அண்ணன் உடனே அவருடைய டாக்டரிடம் திங்கட்கிழமைக்கு எனக்கும் நேரம் வாங்கினார். டாக்டர் எனக்கும் பொடியை நிறுத்தினார், ஊருக்குப் போய் இரண்டு வாரம் கழித்துத் திரும்பப் பார்க்கச் சொன்னார். அரைக் கிலோவும் பாலிகஞ்ச் குப்பை வண்டியில் போனது.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. நவம்பர் கடைசி நல்ல காலம், மாலையில் மெல்லிய சால்வை வேண்டும். மூன்றரைக்குக் கிளம்பினால் நான்கு மணி வகுப்பைத் தவற விடுவீர்கள், மூன்றுக்கே கிளம்புங்கள். குவளையைத் தூக்கிக் குடிக்காதீர்கள். எந்த வகுப்பானாலும் என்ன போடுகிறார்கள் என்று கேளுங்கள், சந்தேகப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் உங்கள் அடுப்பிலிருந்து தொடங்குங்கள். மூலிகைதானே என்று நீங்கள் யாருக்காவது ஒன்றை அனுப்பிக்கொண்டிருந்தால், இன்றைக்கே போன் செய்து அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேளுங்கள். நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

அடுத்த சனிக்கிழமையும் வகுப்புக்குப் போனேன். டீக்கு முன்னால் என் படிவத்தைத் திரும்ப வாங்கி, 'காபி'க்குக் கீழே அதிமதுரப் பொடி, இரண்டு வேளை, நிறுத்திவிட்டேன் என்று எழுதினேன். யார் சொன்னது என்ற இடத்தில் 'நானே' என்று எழுதினேன். பிறகு அண்ணனின் படிவத்தையும் கேட்டு வாங்கினேன். "அது எதுக்குப் பாப்பா, விடு" என்று அண்ணன் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. அவர் காலியாக விட்டிருந்த இடத்தில் என் பெயரை எழுதி, பக்கத்தில் 'தங்கை' என்றும் எழுதிக் கொடுத்தேன்.