வெந்நீரில் வெந்த சம்பந்தி செருப்பு

எங்கள் மருமகன் ஏசுதாசன் நம்புவது இரண்டைத்தான்: கர்த்தர், குரோம் தோல். எது முதலில் என்று நான் கேட்டதில்லை.

பல்லாவரத்தில் ஒரு தோல் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. குரோம் மருந்தில் ஊறி நீலமாக வெளியே வரும் தோலில் ஒரு துண்டு நறுக்கிக் கொதிக்கிற தண்ணீரில் போடுவார். சுருங்காவிட்டால் பதம் சரி. இதையே செய்து செய்து, எதைப் பார்த்தாலும் அவருக்கு வெந்நீர் ஞாபகம்தான். கல்யாணத்துக்கு நாங்கள் போட்ட கைக்கடிகாரத்தின் வாரையே வேகவைத்துப் பார்த்தவர். என் மகள் அருள்மேரி தப்பியது கர்த்தர் கிருபை.

எண்பத்தெட்டாம் வருஷம் பேத்தி அமலராணிக்கு ஒரு இடம் வந்தது. பையனை அவளுக்குப் பிடித்துவிட்டது. பிசகு ஒன்றுதான். பையனின் அப்பா சாலமோன் கீழ்க்கட்டளையில் செருப்புக் கடை வைத்திருந்தார். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலைத் தவிர வேறு தோலைத் தொடமாட்டார்.

அவர்கள் சிட்லபாக்கத்துக்குப் பெண் பார்க்க வந்த அன்று, "இன்னிக்கு மட்டும் தோல் பேச்சு எடுக்காதீங்க" என்று மருமகனிடம் கெஞ்சினேன். காபி ஆறுவதற்குள் எடுத்துவிட்டார்.

"இன்னா சார், இன்னும் பட்டைத் தோலையே கட்டிகினு அழுவுறீங்க? தண்ணி பட்டா கறை, வெயில் பட்டா கருப்பு. எங்களுது துணியாட்டம் மெத்துனு இருக்கும்."

"கருக்கறதில்ல சார், நெறம் ஏறுது. மொதல்ல கடிக்கும், அப்புறம் உங்க கால் அச்சு அதுல வுழுந்துடும். மோந்து பாருங்க, மரவாசனை வரும். உங்களுது மருந்துக்கடை வாசனை."

"வாசனை கெடக்கட்டும். வெந்நீர் தாங்குமா?"

அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. நான் எழுந்திருப்பதற்குள் மருமகன், வாசலில் கிடந்த சாலமோனின் செருப்பில் ஒன்றை எடுத்துப் போய் அதில் போட்டேவிட்டார். மற்ற வீடுகளில் பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பஜ்ஜி வேகும். எங்கள் வீட்டில் வந்தவர் செருப்பே வெந்தது.

வெளியே எடுத்தால் கருவாடு போல முறுக்கிக் கிடந்தது. மருமகன் முகத்தில் அப்படியொரு வெற்றி. உள்ளே அமலராணி அழுதாள்.

"செருப்ப வேகவெச்சுத் துன்றவன் எவன் சார்?" என்று சாலமோன் எழுந்துவிட்டார். ஆனால் மே மாத வெயிலில் வெறுங்காலோடு எப்படிப் போவது? மருமகன் பெருந்தன்மையாகத் தன் குரோம் ஷூவை நீட்டினார். சாலமோன் அதை மாட்டிக்கொண்டு, சம்மதம் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார். அந்த வாரம் முழுக்க வீட்டில் மருமகனோடு பேசியது ரேடியோ மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்தால், வாசலில் சாலமோன், ஷூவை எட்டப் பிடித்தபடி.

"வெந்நீர் தாங்குது சார், ஒத்துக்குறேன். ஆனா நான் உள்ள வெச்சது காலு. வேர்வைல அது வெந்துபோச்சு." பையிலிருந்து புதுச் செருப்பு ஒரு ஜோடியை எடுத்தார். "ஷூவ அளவு வெச்சு உங்களுக்குத் தைச்சேன். இப்பவே போட்டு நடங்க, கல்யாணத்துக்குள்ள படிஞ்சுடும்."

"கல்யாணமா?" என்றேன்.

"பின்ன இன்னாம்மா? இவர வுட்டுட்டுப் போனா நான் யாராண்ட ஜெயிக்கிறது?"

கடிக்கும் என்று பயந்து நடந்து பழகாமல், மருமகன் கல்யாணத்தன்றுதான் அதைப் போட்டார். கோயிலில் பெண்ணைக் கையைப் பிடித்து அழைத்துப் போனது அவரில்லை. நொண்டிய அவரை அமலராணிதான் அழைத்துப் போனாள்.