பாறை பேசாத ஞாயிறு

தலையாட்டிக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தவன் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. தொலைக்காட்சியில் குழந்தைகளுக்காக வந்த ஒரு சாகசத் தொடரில், உலகத்தைக் காப்பாற்றும் ஐந்து வீரர்களில் கடைசி ஆள் பாறை. சாம்பல் நிற உடம்பு, அண்டா மாதிரி தலைக்கவசம், ஆடி அசைந்து ஒரு நடை. அந்த உடைக்குள் இருந்தவர் தலையாட்டி. குரல் கொடுத்தவன் நான். ஆக, பாறை என்பது எங்கள் இருவரின் கூட்டுக் குடித்தனம்.

கவசத்துக்கு வாய் கிடையாது. யார் பேசுகிறார்கள் என்று பார்க்கிற குழந்தைகளுக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக உள்ளே இருப்பவர் ஒவ்வொரு சொல்லுக்கும் தலையை ஆட்ட வேண்டும். பிறகு நான் ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்து, அந்த ஆட்டத்துக்கு ஏற்றபடி வசனத்தைப் பொருத்துவேன். தலை ஆடாத இடத்தில் வசனம் வைக்க முடியாது. வருடக்கணக்கில் ஆட்டி ஆட்டி அவருக்கு அது உடம்போடு ஒட்டிப்போயிற்று. வீட்டில் "முடியாது" என்று சொல்லும்போதுகூடத் தலை ஆமாம் போடும். "இவரோட சண்டை போடவே வழியில்லண்ணா, வாய் ஒண்ணு சொல்லுது, தலை ஒண்ணு சொல்லுது" என்று அவர் மனைவி என்னிடம் முறையிடுவார்.

அந்த வருடம், ஐந்து வீரர்கள் எதற்கு, நான்கு பேர் போதாதா என்று சேனலில் பேச்சு அடிபட்டது. யாரைத் தூக்குவார்கள் என்று ஜோசியம் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. சிவப்பு வீரனின் பொம்மை கடையில் வைத்த வேகத்தில் போனது. பாறை பொம்மையைத் தூசி தட்டக்கூட ஆளில்லை. "பாறைக்குன்னு தனியா ஒரு எபிசோட் எழுதியிருக்கோம். அது எடுபட்டா பாறை தப்பிக்கும்" என்றார் இயக்குநர். எடுபடாவிட்டாலும் என் குடி ஒன்றும் முழுகிவிடாது, விளம்பரம் அறிவிப்பு என்று ஏதாவது வரும். தலையாட்டியின் கதை வேறு. முட்டி தேய்ந்து போன மனிதரை இன்னொரு உடைக்குள் புதிதாக யார் ஏற்றப் போகிறார்கள்? கல்லூரியில் படிக்கிற மகள் வேறு இருந்தாள்.

கதை எளிமையானது. வில்லன் ஊரில் இல்லை. பாறை நடந்தாலே கட்டடம் அதிர்கிறது. மாடியில் இருக்கும் ஒரு சின்னப் பெண் பயந்துபோய்க் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்கிறாள். அவளுக்காகப் பாறை மெதுவாக நடக்கப் பழகுகிறான். கடைசியில் அவள் பயம் தெளிந்து, படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் அவன் மடியில் ஏறிக்கொள்கிறாள். அப்போது அவன் பேச வேண்டும். ஒன்றரைப் பக்க வசனம்! வலிமை, அன்பு, கண்ணீர் எல்லாம் அதில் இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. குளியலறையிலும் அதையே முழங்கிக்கொண்டிருந்தேன்.

ஒலிப்பதிவு நாள். திரையில் அந்தப் படிக்கட்டு வந்தது. சிறுமி மடியில் ஏறினாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தயாரானேன். தலை ஆடவில்லை. காட்சி முடிகிற வரைக்கும் ஆடவில்லை. அங்கிருந்தே தலையாட்டிக்குப் போன் போட்டேன்.

"ஏன்யா, உள்ளயே தூங்கிட்டியா?"

"நான் தூங்கலண்ணே. புள்ள தூங்கிடுச்சு."

"எந்தப் புள்ள?"

"நடிக்க வந்த பாப்பாதான். காலையிலேர்ந்து அலைச்சல். மடியில ஏறின கொஞ்ச நேரத்துல கண்ணு சொருகிடுச்சு. நான் தலைய ஆட்டினா தோளும் சேர்ந்து ஆடும். எழுந்துக்குமேன்னு அப்படியே இருந்துட்டேன்."

"என் ஒன்றரைப் பக்கம்?"

"மறந்தே போச்சுண்ணே."

"உன் சோத்துல நீயே மண்ணள்ளிப் போட்டுக்கிட்டியேய்யா!" என்று கத்திவிட்டு வைத்தேன். இயக்குநராவது நிறுத்தியிருக்கலாம், அவரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். திரும்ப எடுக்கவும் வழியில்லை. படப்பிடிப்பு முடிந்த மறுநாளே படிக்கட்டைப் பிரித்துவிட்டு, வேறு நிகழ்ச்சிக்காக அங்கே சமையலறை கட்டிவிட்டார்கள்.

"வசனம் வேண்டாம், மூச்சு மட்டும் கொடுங்க" என்றார் இயக்குநர். கொடுத்தேன். "பஸ்ஸை விட்டுட்டு ஓடி வந்தவர் மாதிரி இருக்கு சார்" என்றார் ஒலிப்பதிவாளர். எத்தனை முறை விட்டும், திரையில் ஏறி இறங்கிய அந்தத் தோளோடு என் மூச்சு சேரவில்லை. எரிச்சலில், "உள்ள இருந்த ஆளையே கூப்பிட்டு மூச்சு விடச் சொல்லுங்க" என்றேன்.

தலையாட்டி காய்கறிப் பையோடு வந்தார். ஒலிப்பதிவு அறைக்குள் அவர் கால் வைத்தது அன்றுதான். ஹெட்போனைத் திருப்பி மாட்டிக்கொண்டார், நான்தான் சரிசெய்தேன். பிறகு திரையில் தூங்கிய குழந்தையைப் பார்த்தபடி மூச்சு விட்டார். நீளமாக, அடக்கி, பாதியில் ஒருமுறை நிறுத்தி. ஒரே தடவையில் முடிந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஒளிபரப்பாகும் நேரத்துக்கு அவர் வீட்டுக்குப் போனேன். கையில் ஒரு சேதி இருந்தது. முந்தின நாள் சேனல் ஆட்கள் எபிசோடைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு சொல்லிவிட்டார்கள்: பாறை இருப்பான். ஆனால் இனிமேல் அதிகம் பேச மாட்டான். எனக்குப் பாதி வசனம் போச்சு, அவருக்கு முழு வேலையும் நிலைத்தது. முதலில் நானே சொல்கிறேன் என்று இயக்குநரிடம் கேட்டு வாங்கி வந்திருந்தேன். எபிசோட் முடிந்ததும் போட்டு உடைக்கலாம் என்று வயிற்றுக்குள் அடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவருக்குப் பார்க்கவே தைரியம் இல்லை, டீ போடுகிறேன் என்று அடுப்படியில் நின்றுகொண்டார். அவர் மனைவியும் மகளும் நானும்தான் டிவி முன்னால் இருந்தோம். கடைசிக் காட்சி வந்தது. துணி மடித்துக்கொண்டிருந்த அவர் மனைவியின் கை நின்றது.

"என்னங்க, இங்க வாங்க! இது நீங்க!"

"எப்பவும் நான்தானே?" என்றபடி எட்டிப் பார்த்தார்.

"அது இல்லங்க. இந்த மூச்சு. இவளுக்குச் சின்னதுல ஜுரம் வந்தா, மார்மேல போட்டுக்கிட்டு அசையாம உட்கார்ந்திருப்பீங்களே, அதே மூச்சு."

மகள் திரையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அவரை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அவர் கல்லாகச் சமைந்து உட்கார்ந்திருந்தார். அடுப்பில் பால் பொங்கியது, அவர் மனைவி ஓடிப் போய் அணைத்தார். நல்ல சேதி எங்கே ஓடிவிடப் போகிறது, மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நானும் வாயைத் திறக்காமல் இருந்தேன்.