பசு இல்லாத மண்மேடு

நானும் என் சிநேகிதரும் சேர்ந்து வளர்த்த பசுவை, அவர் முழங்கால் அறுவை சிகிச்சைக்காக டிக்கோயா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, அவரிடம் கேட்காமல் விற்றேன். வீடு திரும்பியவரிடம் அது செத்துப்போனதாகச் சொன்னேன். இதை முதலிலேயே எழுதிவிடுவது நல்லது. பின்னால் சொல்லலாம் என்று வைத்தால் என் கை அதை மெதுவாக்கிவிடும்.

நான் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்தேன். அறுபது வரை இருந்திருக்கலாம். ஐம்பத்தைந்திலேயே ஓய்வு வாங்கிக்கொண்டேன். அவர் அதே தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. மலையில் ஆட்களை வேலை வாங்குகிறவர். முழங்கால் கெட்டு அவரும் அந்த வருடமே நின்றுவிட்டார். நான் பள்ளிக்கூட மணிக்குச் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பேன். அவர் ஆட்களைக் கணக்கெடுக்கும் விடியற்காலைப் பெரட்டு நேரத்துக்கு எழுந்து, போக இடமில்லாமல் ரோட்டுக்கு வருவார். இரண்டு பேரும் பஸ் நிற்கும் இடத்தில், எந்த பஸ்ஸிலும் ஏறாமல் பேசிக்கொண்டிருப்போம்.

"இப்படியே நின்னா கண்டக்டர் நம்மள டெப்போவுல சேத்துடுவான் மாஸ்டர்," என்றார் ஒருநாள். "ஒரு மாடு வாங்குவோமா?"

பாதிப் பாதி போட்டு வாங்கினோம். இடது கொம்பு நுனி ஒடிந்த செவலைப் பசு. என் வீட்டுக்குக் கீழே, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்கு எட்டத்தில், ஓடையோரமாகத் தொழுவம் போட்டோம். முதல் கன்று அவருக்கு, அடுத்தது எனக்கு என்று பேச்சு. பால் கறப்பது அவர், புல் அறுப்பது நான்.

"இனி இவதான் நமக்குத் தொரை. விடிய முன்னயே பேரு போடுவா," என்பார். நான் புல்லோடு பிந்தி வந்தால், "இன்னிக்கு மாஸ்டருக்கு அரைப்பேருதான்" என்று தோட்டத்துக் கணக்கில் பாதிச் சம்பளம் அறிவிப்பார். முப்பது வருடம் பிள்ளைகளைப் பிந்தி வந்ததற்காக வெளியே நிறுத்தியவன் நான். அந்த அரைப்பேர் எனக்குப் பிடித்திருந்தது. கறந்த சூட்டோடு போட்ட தேத்தண்ணீரைத் தொழுவத்து வாசலில் உட்கார்ந்து குடிப்போம். வேலையில் இருந்த காலத்தில் ஒரு காலை நேரம் அப்படி எனக்கு வாய்த்ததில்லை.

அவர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது பசு சினையாக இருந்தது. அவர் மனைவியும் துணைக்குப் போய்விட்டார். மழை விடவில்லை. புல் அறுப்பதும் சாணி அள்ளுவதும் எல்லாம் என் தலையில். கால் நிறைய அட்டை. கொழும்பிலிருந்து மகள், பேரப்பிள்ளையைப் பார்க்க வரவில்லையா என்று தினமும் கேட்டாள். மஸ்கெலியாவிலிருந்து ஒருவர் மாடு விசாரித்து வந்தார். லயத்து ஆட்கள் மலைக்குப் போயிருந்த நேரத்தில் சின்ன லொறியில் ஏற்றிக்கொடுத்தேன். அலுத்துவிட்டது என்று சிநேகிதரிடம் சொல்ல வெட்கப்பட்டேன். பொய் சொல்ல வெட்கப்படவில்லை.

ஓடையில் வழுக்கி விழுந்து செத்துவிட்டது, ரோட்டு வேலைக்கு வந்த ஆட்களை வைத்துப் புதைத்தேன் என்றேன். அவர் கம்பை ஊன்றிக்கொண்டு, "எந்த எடம்?" என்று கேட்டார்.

இப்படிக் கேட்பார் என்று நான் நினைத்திருக்கவில்லை. மண் சரிந்து நிரம்பியிருந்த பழைய எருக்குழியைக் காட்டினேன்.

"வயித்துப்புள்ளயோட போயிட்டாளே," என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்தார். மேட்டில் சாமந்தி நட்டார். யார் வீட்டிலோ வாங்கிய ஒரு டம்ளர் பாலை ஊற்றிச் சூடம் கொளுத்துவார். நான் பக்கத்தில் நின்று கும்பிடுவேன். "உங்களுக்கும் மனசு கேக்கல, என்ன மாஸ்டர்," என்று என்னைத் தேற்றுவார்.

ஒரு வருடத்துக்கு மேல் இப்படிப் போனது. பிறகு மஸ்கெலியாவில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் வந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை வழக்கம்போல டம்ளரோடு வந்தவர், அதை என்னிடம் நீட்டினார்.

"இன்னிக்கு நீங்க ஊத்துங்க மாஸ்டர்."

வாங்கிக்கொண்டேன். ஊற்ற முடியவில்லை.

"கொம்பு ஒடஞ்சத வச்சு மட்டும் சொல்லல," என்றார். "கூப்பிட்டேன். வந்து கைய நக்குச்சு. பக்கத்துல கெடேரிக் கண்டு நிக்குது."

"அண்ணே..."

"வேணாம்னு சொல்லியிருந்தா நான் ஒண்டியா வச்சிருப்பேன்ல? நொண்டிக்கிட்டாவது பாத்திருப்பேன். ஒரு வருசமா என்னை மண்ணைக் கும்பிட வச்சீங்களே." குரலை உயர்த்தவில்லை. "பக்கத்துல நின்னு நீங்களும் கும்பிட்டீங்களே."

டம்ளர் என் கையில் இருக்க அவர் ரோட்டுக்கு ஏறிப் போனார்.

அடுத்த நாளே மஸ்கெலியா போனேன். பசுவைத் தர அவர்கள் சம்மதிக்கவில்லை, கறவையில் இருந்தது. பால் மறந்திருந்த கிடேரியை மட்டும், பசுவை விற்ற பணம் முழுவதையும் கொடுத்து வாங்கினேன். பேச்சுப்படி அது அவருடைய கன்றுதான். அவர் லயத்து வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். என் பொய்யை அவர் மனைவி முன்னாலும் அக்கம்பக்கத்தார் முன்னாலும் சொன்னேன்.

அவர் கன்றின் கழுத்தைத் தடவினார். "இது என்ன பண்ணுச்சு, பாவம்," என்று கயிற்றை வாங்கிக்கொண்டார். "ஆனா இனிமே பங்கு வேணாம் மாஸ்டர்."

லயத்துக்குப் பின்னால் அவரே தொழுவம் போட்டார். நான் தினமும் காலையில் ஒரு கட்டுப் புல் அறுத்து அங்கே வைத்துவிட்டு வருகிறேன். முதல் வாரம் அது வாடிக் கிடந்தது. பிறகு கன்று தின்றது. அவர் தடுக்கவில்லை, பேசவுமில்லை. பிந்திப் போனாலும் யாரும் எனக்கு அரைப்பேர் போடுவதில்லை. மேட்டில் சாமந்தி தானாகப் பூக்கிறது. அந்தப் பக்கம் அவர் வருவதே இல்லை.

இரண்டு வருடம் இப்படியே போனது. போன மாதம் அந்தக் கிடேரி முதல் கன்று போட்டது. சீம்பால் காய்ச்சி லயம் முழுக்கக் கொடுத்தார்கள். சாயந்திரம் அவர் மனைவி எங்கள் வீட்டுக்கும் ஒரு டம்ளர் கொண்டு வந்தார்.

"எல்லா வீட்டுக்கும் குடுக்கச் சொன்னாரு," என்றார்.

வாங்கி, சீம்பாலை எங்கள் கிண்ணத்தில் மாற்றிக்கொண்டு, டம்ளரைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன்.