அப்பாவின் கட்டத்தில் தோற்றவர்

வத்தலக்குண்டிலிருந்து முதல் பஸ்ஸில் மலையேறி வரும் செய்தித்தாள், நாயுடுபுரத்தில் எங்கள் வீட்டை அடையும்போது பனியில் நனைந்து ஒட்டிக்கொண்டிருக்கும். அடுப்பருகே காட்டிப் பிரித்தால் மையும் ஈரக் காகிதமும் கலந்த வாடை அடிக்கும். அந்த வாடையை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல்தான் வருகிறது.

அப்பா நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைபவர். நான் எட்டாம் வகுப்பு படித்த வருஷம், வெளிநாட்டில் நடந்த ஆண்கள் டென்னிஸ் போட்டிக்காகக் கெட்டித் தாளில் கறுப்பு மையால் அளவெடுத்துக் கட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். நூற்று இருபத்தெட்டுப் பேர் ஆட, தோற்றவர்கள் வெளியேறி, ஏழாவது சுற்றில் ஒருவர் மிஞ்ச வேண்டும். யாரோடு யார் மோதுவார் என்ற அட்டவணையை எங்கள் செய்தித்தாள் போடவில்லை. முடிவுகளை மட்டும் கண்டபடி போட்டது. அப்பாவோ முதல் சுற்றில் ஜெயித்தவர்களை அச்சான வரிசையிலேயே இரண்டிரண்டு பேராக அடுத்த சுற்றுக்கு "ஜோடி" சேர்த்துவிட்டார்.

இரண்டாம் சுற்று முடிவு வந்ததும் குட்டு உடைந்தது. சில கட்டங்களுக்கு இரண்டு பேர் வந்தார்கள், சில கட்டங்களுக்கு ஆளே இல்லை. தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டம் ஜெயித்து உள்ளே நுழைந்த இடது கைக்காரர் ஒருவர்தான் என் ஆள். பள்ளியில் "பீச்சாங்கை" என்று கேலி வாங்கிய எனக்கு அவர் ஜெயித்தே ஆக வேண்டும். அவர் பிரபல ஆட்டக்காரர் ஒருவரோடு ஒரே கட்டத்தில் மாட்டிக்கொண்டார். இருவருமே ஜெயித்திருக்க, அப்பா பிரபலத்தின் பெயரை எழுதிவிட்டார்.

"அவரு ஜெயிச்சிருக்காருப்பா, பேப்பர்லயே போட்டிருக்கு" என்று கெஞ்சினேன்.

"மையில போட்டா போட்டதுதான். போயி சோலியப் பாரு."

அலுவலகத்தில் ஒரு கோட்டை மாற்றினால் ஒருவருடைய நிலமே போய்விடும், சரி. டென்னிஸுக்குமா அந்தச் சட்டம்? என் ஆள் மூன்றாம் சுற்று, நான்காம் சுற்று, காலிறுதி என்று நிஜத்தில் ஜெயித்துக்கொண்டே போக, எங்கள் சுவரில் மட்டும் தோற்றே கிடந்தார். ஆத்திரத்தில் அப்பாவோடு பேசுவதை நிறுத்தினேன். "எங்கயோ எவனோ பந்தடிக்கிறான், இங்க ரெண்டும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்குதுக" என்று அம்மா சலித்துக்கொண்டாள்.

இப்போது பஸ்ஸில் வரும் பேப்பருக்கு யார் காத்திருக்கிறார்கள்? ஆட்டம் முடிந்த நொடியில் போனில் கட்டம் தானே நிரம்பிவிடுகிறது, பிழையே இல்லாமல். அப்பா இறந்தபின் வெள்ளையடிப்பதற்காக அந்தத் தாளைக் கழற்றினேன். பின்பக்கம் பென்சிலில் ஒரே ஒரு பெயர், என் இடது கைக்காரருடையது. அரையிறுதியில் அவர் தோற்றதுவரை, சுற்றுச் சுற்றாக, செட் வாரியாக, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அப்பா எழுதியிருந்தார். வாய்திறந்து சொல்லாவிட்டால் போகிறது, தாளையாவது திருப்பி மாட்டியிருக்கக் கூடாதா இந்த மனுஷன்?